ஆறு மணி வரைக்கும்

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 7.50 டாலர். இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு முதலில் மனப்பாடமான கணக்கு இதுதான். கலிஃபோர்னியாவில் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில், கடைசி மணி அடித்ததிலிருந்து மாலை 6 மணி வரை அவர்களைப் பள்ளியிலேயே வைத்திருந்து வீட்டுப்பாடம், ஓவியம், கால்பந்து, சமையல், சதுரங்கம் என்று சொல்லிக்கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. அதற்கு மாநில அரசு கொடுத்துவந்த தொகை அது. வந்த பிள்ளைக்கு மட்டும்தான் பணம். காய்ச்சலில் படுத்திருந்தாலும், வாடகை கட்ட முடியாமல் குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாலும், அன்றைய 7.50 வராது.

என் அம்மா விருதுநகர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். 1982-இல் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் வேலைக்குச் சேர்ந்தவர். தினம் காலையில் வகுப்பு வகுப்பாகப் போய்த் தலை எண்ணி, ஆளுக்கு 100 கிராம் என்று அரிசி அளந்து கொடுத்த பிறகுதான் உலை வைப்பார்கள். நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்ப என் வேலையத்தான் நீ அங்க பாக்குற. ஆளு வந்தாத்தான் அரிசி" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் கேட்டார். "வராத பிள்ளைய வீட்டுல போய்ப் பாக்க ஆளு இருக்காம்மா?"

இல்லை என்றேன். அதற்கு எந்த மானியத்திலும் ஒரு வரி இல்லை.

2011-இல் கணவரின் வேலைக்காக சன்னிவேல் வந்தோம். எனக்கு எச்-4 விசா. சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. 2013-இல் நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, கிழக்கு சான் ஹோசேயில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராகப் போனேன். 22-ஆம் எண் பஸ். எல் கமீனோ சாலை நெடுக ஓடி, சான் ஹோசே நகர மையத்தைக் கடந்து கிழக்கே போகும். இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த பஸ் அது. வீடில்லாதவர்கள் தூங்குவதற்காகவே அதில் ஏறுவார்கள் என்பதால் 'ஹோட்டல் 22' என்று அதற்கொரு பெயர். மத்தியானம் ஏறும் நானே பின் இருக்கைகளில் போர்வை மூடிக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த பஸ்ஸின் ஒரு முனை பாலோ ஆல்டோ. அங்கே பெற்றோர்கள் நடத்தும் அறக்கட்டளை, அரசுப் பள்ளிகளுக்கென்றே ஆண்டுதோறும் மில்லியன் கணக்கில் டாலர் திரட்டிக் கொடுக்கிறது. மறுமுனையில் நான் இறங்கும் கிழக்கு சான் ஹோசே. 1950-களில் சேசர் சாவேஸ் குடியிருந்து, மக்களைத் திரட்டும் வேலையைக் கற்றுக்கொண்ட பகுதி. மெக்சிகோவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய. அம்மாமார்கள் பெரிய நிறுவனங்களின் கட்டடங்களைத் துடைக்கிறார்கள், அப்பாமார்கள் ஓட்டல் அடுப்படியிலும் கட்டட வேலையிலும் நிற்கிறார்கள். பள்ளி 2:30-க்கு விட்டுவிடும். வேலை ஆறுக்கு முன்னால் முடியாது. இடையிலிருக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு பாலோ ஆல்டோ பிள்ளைக்குப் பியானோவும் நீச்சலும் உண்டு. இங்கே இருக்கும் பிள்ளைக்கு எங்களை விட்டால் தொலைக்காட்சி, அல்லது தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

எச்-4 விசாக்காரர்களில் ஒரு பகுதியினர் வேலை பார்க்கலாம் என்ற விதி 2015 மே 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அட்டை கைக்கு வந்ததும் நான் தன்னார்வலராக இருந்த தொண்டு நிறுவனத்திலேயே வேலைக்கு விண்ணப்பித்தேன். முதலில் இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லீடர், பிறகு ஒரு பள்ளி முழுவதற்கும் கோஆர்டினேட்டர், 2018-இலிருந்து பல பள்ளிகளுக்கும் சேர்த்துப் பணம் திரட்டுகிறவள். மானிய விண்ணப்பம் எழுத உட்கார்ந்த பிறகுதான், லீடராக இருந்தபோது எனக்கு ஏன் பசை பாட்டில்கூடக் கிடைக்கவில்லை என்று புரிந்தது.

அந்த 7.50 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2002 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ப்ரொபசிஷன் 49 என்ற சட்ட முன்மொழிவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர். அப்போது அவர் நடிகர்தான்; ஆளுநரானது அடுத்த ஆண்டு. பள்ளி நேரத்துக்குப் பிந்தைய திட்டங்களுக்கு ஆண்டுக்கு 550 மில்லியன் டாலர் என்று அந்தச் சட்டம் உறுதி செய்தது. 2006-07-இல் பணம் முழு அளவில் வரத் தொடங்கியது. ஒரு மாநிலம் இப்படி நிலையான நிதியை இந்த வேலைக்கென்று எழுதிவைத்தது பெரிய காரியம். நாட்டில் பல மாநிலங்களில் இன்றும் இது இல்லை. பட்ஜெட்டில் துண்டு விழுந்த 2009, 2010 ஆண்டுகளில் மற்ற கல்விச் செலவுகளை வெட்டியபோதும் இதில் கைவைக்க முடியாமல் போனதற்குக் காரணம், வாக்காளர்களிடம் திரும்பப் போகாமல் அதைத் தொட முடியாது என்பதே.

தொகை குறையாமல் இருந்தது. ஆனால் கூடவும் இல்லை. 2006-இல் 7.50; 2016-இலும் 7.50.

அப்போது ஒரு தொடக்கப் பள்ளிக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை ஆண்டுக்கு 1,12,500 டாலராக இருந்தது. 83 பிள்ளைகள், 180 நாட்கள் என்று வகுத்துப் பார்த்தால் 7.50 வரும். 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே 83 பேருக்கு ஐந்து லீடர்கள். 2016-இல் என் நோட்டில் எழுதிய ஒரு நாள் கணக்கு இப்படி இருக்கிறது. வரவு 622.50. நிர்வாகச் செலவுக்கு அதிகபட்சம் 15 சதவீதம் போக, பிள்ளைகளுக்கு மிஞ்சுவது 529. ஐந்து லீடர்கள் நான்கரை மணி நேரம், மணிக்கு 12 டாலர்: 270. கோஆர்டினேட்டர் எட்டு மணி நேரம், மணிக்கு 18: 144. வரி, காப்பீடு என்று அதன்மேல் 12 சதவீதம் சேர்த்தால் மொத்தம் 464. மீதி 65 டாலர். 83 பிள்ளைகளுக்கு அதைப் பங்கிட்டால் ஆளுக்கு 79 சென்ட். வண்ணம், காகிதம், பந்து, லீடர் வராத நாளில் மாற்று ஆள், எல்லாம் அந்த 79 சென்டில். நல்லவேளையாக மாலைச் சிற்றுண்டிக்கு மத்திய அரசின் உணவுத் திட்டத்திலிருந்து தனியாகப் பணம் வரும். அதைப் பள்ளி மாவட்டத்தின் உணவுப் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

இதற்கிடையில் குறைந்தபட்சக் கூலி ஏறிக்கொண்டிருந்தது. ஏறவேண்டியதுதான். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் வகுப்பு ஒன்றில் மாணவர்கள் தொடங்கிய முயற்சி, 2012 நவம்பரில் நகரத்து வாக்கெடுப்பாகி வென்று, கூலியை மணிக்கு 10 டாலராக்கியது. 2019 ஜனவரியில் நகரத்தில் அது 15 டாலர். எங்கள் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள்தான் அந்தக் கூலியை வாங்குகிறவர்கள். அதற்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் சம்பளம் ஏறும்போது மானியமும் ஏற வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மே மாதங்களில் சாக்ரமெண்டோவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் சட்டமன்ற உறுப்பினர்களின் அறை அறையாக ஏறி இறங்கினோம். 2017-இல் 8.19 ஆனது. 2019 தொடக்கத்தில் அந்த 8.19-ஐ வைத்து மேலே சொன்ன கணக்கையே திரும்பப் போட்டேன். லீடருக்கு 16.50, கோஆர்டினேட்டருக்கு 23. நாளொன்றுக்கு 44 டாலர் துண்டு விழுந்தது. ஒரு பள்ளிக்கு, ஒரு வருடத்துக்கு, ஏறத்தாழ 8,000 டாலர். பிள்ளைகளை நம்பிக் கதவைத் திறந்துவைத்தாலே நஷ்டம் என்ற நிலை.

அதோடு 'மேட்ச்' என்று ஒன்று உண்டு. அரசு தரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை நாங்கள் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ. 1,12,500 வாங்கிய பள்ளிக்கு 37,500. பள்ளிக் கட்டடத்தைப் பயன்படுத்துவதை அதில் கால்பங்கு வரை காட்டிக்கொள்ளலாம். மிச்சத்துக்குத்தான் நான் ஓட வேண்டும்.

ஓடிய இடங்களில் எல்லாம் ஒரே பதில் கேட்டது. பொருள் தருகிறோம், சம்பளம் தரமாட்டோம். ஒரு தொழில்நுட்ப நிறுவனம் ரோபோ செய்யும் பெட்டிகள் 24 கொடுத்தது. ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் சின்னம். புகைப்படக்காரர் வந்தார், பிள்ளைகள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெட்டியை வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு லீடருக்கு இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். நவம்பரில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மார்ச்சில் அலமாரியைத் திறந்தபோது பேட்டரிகள் கசிந்திருந்தன. கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடு கொடுத்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெட்டியைக் கொடுக்கிறவர் அதைத் திறக்கும் கைக்கும் கொடுக்க வேண்டும் என்பதை அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு அப்போது தெரியவில்லை.

2018-19-இல் ஒரு நான்காம் வகுப்புப் பையன் இருந்தான். பெயர் வேண்டாம். வகுப்பில் யாரோடும் பேசாதவன். அவனை அழைத்துப்போக வருவது பாட்டி. எங்கள் லீடர் ஒருத்தி, வியட்நாமியக் குடும்பத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே வேலை பார்த்தவள், யூகலேலே வாசிப்பாள். பையன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் வெறுமனே பார்த்தான். அக்டோபரில் நாலு கம்பியையும் தானே சுருதி சேர்த்தான். டிசம்பர் நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுக்கு வாசித்தான். பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன்.

பிப்ரவரியில் அந்தப் பெண் வேலையை விட்டாள். வருத்தத்தோடுதான். நாளுக்கு நான்கரை மணி நேர வேலை, அதுவும் 1:30-இலிருந்து 6 வரை. மத்தியானத்தை இரண்டாக வெட்டும் வேலையோடு வேறெந்த வேலையும் ஒட்டாது. மருத்துவக் காப்பீடு கிடையாது. அவளுக்கு ஒரு கிடங்கில் முழுநேர வேலை கிடைத்தது. "என்னால முடிஞ்சவரைக்கும் இருந்துட்டேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் புது லீடர் வந்தார். பையன் மூன்று நாள் கதவருகில் நின்றான். நான்காம் நாளிலிருந்து வரவில்லை. அவனோடு அவன் சிற்றப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் வருவதை நிறுத்தினார்கள். மாதக் கடைசியில் அந்தப் பள்ளியின் சராசரி வருகை 83-இலிருந்து 68 ஆகியிருந்தது. எல்லாம் அவள் போனதால் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வருகைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்த லீடரின் குழுவில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று பெயர் பெயராகப் பார்த்தேன். தாள் தெளிவாகவே சொன்னது.

வருகை இலக்கில் 85 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் போனால் மானியத்தையே குறைப்பார்கள். சம்பளம் போதாமல் ஆள் போகிறது; ஆள் போவதால் பிள்ளை நிற்கிறது; பிள்ளை நிற்பதால் பணம் குறைகிறது; பணம் குறைவதால் சம்பளம் இன்னும் போதாமல் ஆகிறது. இந்தச் சுழலை எந்த விண்ணப்பத்திலும் எழுத இடம் இல்லை. அதனால் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்ற கட்டத்தில், அந்த வருகைத் தாளின் எண்களை எழுதத் தொடங்கினேன். பிள்ளைகளின் பெயர் இல்லாமல், லீடரின் பெயர் இல்லாமல், தேதியும் எண்ணும் மட்டும்.

அந்த ஆண்டு நவராத்திரிக்கு கூபர்டினோவில் ஒரு தமிழ் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பொறியாளர், என் வேலையைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். "பிள்ளைகளுக்கு லேப்டாப் வேணும்னா பத்து வாங்கித் தர்றேன்மா" என்றார்.

"லேப்டாப் இருக்கு சார். சம்பளத்துக்குத்தான் வேணும்."

"சம்பளத்துக்கா? அது நிர்வாகச் செலவுல்ல?"

அங்கே விவாதிக்க விரும்பவில்லை. ஒரு வியாழக்கிழமை நேரில் வந்து பாருங்கள் என்றேன். வந்தார். சதுரங்க மேசையில் உட்காரவைத்தேன். கைரேகை, பின்னணி சோதனை எல்லாம் முடித்து, அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தார். அவர் உட்கார்ந்த மணி நேரங்களை மதிப்பிட்டு என் மேட்ச் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அதற்கு விதி இடம் தருகிறது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காருக்குப் போகும்போது சொன்னார்: "இந்தப் பசங்க என் பேரைக் கேக்கலம்மா. 'நீங்க அடுத்த வாரமும் வருவீங்களா'ன்னுதான் கேக்குறாங்க." பிறகு தன் ஊரில் ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைப் பற்றிச் சாலை ஓரத்தில் நின்றபடியே வெகுநேரம் பேசினார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை அதே வாத்தியார், அதே திண்ணை என்றார்.

அன்று இரவே கணக்கை அனுப்பினேன். ஐந்து லீடர்களுக்கு மணிக்கு 2 டாலர் கூட்டினால், வரியும் சேர்த்து ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 டாலர். ஒரு வருடத்துக்கு மட்டும் வேண்டாம், மூன்று வருடம் என்றால் பேசுவோம் என்றும் எழுதினேன். பணம் கேட்கும் இடத்தில் நிபந்தனை போட்டது அதுதான் முதல் தடவை. அவர் தன் நண்பர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டார். இன்றுவரை என் விண்ணப்பங்களில் நான் மாற்றாமல் வைத்திருக்கும் வரி இதுவே: பொருளுக்கு நிதி வேண்டாம், ஒரே லீடர் இரண்டாம் ஆண்டும் அதே கதவில் நிற்பதற்கு நிதி வேண்டும்.

மணிக்கு 2 டாலரால் மட்டும் ஆள் நிற்காது என்பதையும் கற்றுக்கொண்டேன். நான்கரை மணி நேர வேலையை முழுநேர வேலையாக்க வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் 'பிரெய்டிங்' என்று ஒரு வழி சொல்வார்கள். சடை பின்னுவதுதான். லீடர் காலையில் அதே பள்ளியில் வகுப்பு உதவியாளர். அந்தச் சம்பளம் டைட்டில் ஒன் நிதியிலிருந்து. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு 1965-இலிருந்து மத்திய அரசு கொடுத்துவரும் பணம் அது. மத்தியானத்திலிருந்து மாநில மானியம். கோடை விடுமுறைக்கு வேறொரு அறக்கட்டளை. மூன்று இழையையும் சேர்த்தால் எட்டு மணி நேரம், காப்பீடு, விடுமுறை. ஆனால் தணிக்கையில் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். காலை 11:15-க்கு அவர் எந்தப் பணத்தில் நின்றார் என்பதற்கு நேரத்தாள் வேண்டும். தலைமை ஆசிரியர், பள்ளி மாவட்ட நிதி அலுவலகம், எங்கள் நிறுவனம் மூன்றும் ஒத்துக்கொள்ள ஒரு பள்ளியில் பதினாலு மாதம் பிடித்தது. அந்தப் பள்ளியில் அப்படி அமர்த்திய மூன்று பேரில் இரண்டு பேர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். என் வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தணிக்கை என்றதும் சொல்லிவிட வேண்டிய ஒரு தவறு இருக்கிறது. 2017-இல் நான் கோஆர்டினேட்டர். மாலையில் பிள்ளையை அழைத்துப்போகிறவர் தாளில் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆறுக்கு முன்னால் போனால் காரணத்துக்கு உரிய குறியீட்டையும் எழுத வேண்டும். மழைநாளில் ஒரு அம்மா, கைக்குழந்தையோடு, இரண்டாவது வேலைக்கு ஓடுகிறவர், மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நான் விட்டுவிடுவேன். ஆண்டுத் தணிக்கையில் அந்த மாதத் தாள்களைத்தான் மாதிரிக்கு எடுத்தார்கள். கையெழுத்தில்லாத நாட்கள் எல்லாம் வருகையில்லாத நாட்களாகிவிட்டன. பணத்தைத் திருப்ப வேண்டிவந்தது. அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடையோடு வாசலில் நின்று தாளை அவர் கைக்கு நீட்டியிருக்க வேண்டியது நான். இன்று புதிய கோஆர்டினேட்டர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தருவது தாளைப் பிடிக்கும் அட்டையையும் மழைக்கான பிளாஸ்டிக் உறையையும் பற்றித்தான்.

2020 மார்ச்சில் எங்கள் சான்டா கிளாரா கவுண்டி வீட்டுக்குள் இருக்கச் சொல்லி உத்தரவிட்டது. பள்ளிகள் மூடின. பிள்ளை வராவிட்டால் பணம் இல்லை என்ற விதி அப்படியே இருந்திருந்தால் ஏப்ரலில் எங்கள் லீடர்கள் அத்தனை பேரையும் அனுப்பியிருப்போம். ஆனால் ஆளுநர் மார்ச் 13-ஆம் தேதியே, பள்ளிகள் மூடினாலும் நிதி நிற்காது, ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று உத்தரவிட்டிருந்தார். மத்தியானம் 2:30-க்கு லீடர்கள் தொலைபேசியை எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தன் இருபது பிள்ளைகளை, ஒவ்வொரு நாளும். யார் வீட்டில் இணையம் இல்லை, யார் வீட்டில் ஒரே அறையில் ஒன்பது பேர், யாருக்குச் சாப்பாடு வேண்டும் என்பது பள்ளிக்குத் தெரிவதற்கு முன் அவர்களுக்குத் தெரிந்தது. யூகலேலே வாசித்த அந்தப் பையன் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவன் எங்கள் பட்டியலில் இல்லை. ஆனாலும் ஒரு லீடர் அவனையும் கூப்பிட்டார். பாட்டி எடுத்து, அவன் இன்னும் வாசிக்கிறான் என்றார். என் அம்மா கேட்ட கேள்விக்கு, வேலைக்கு வந்து ஐந்து வருடம் கழித்து, அந்த இரண்டு மாதத்தில்தான் "இருக்கு" என்று சொல்ல முடிந்தது. தலையை எண்ணாமல் வந்த பணத்தால்தான் வராத பிள்ளையைத் தேடிப் போக முடிந்தது.

2021-இல் மாநிலம் இன்னொரு பெரிய திட்டம் கொண்டுவந்தது. பள்ளி நேரமும் மாலை நேரமும் சேர்ந்து ஒன்பது மணி நேரம், விடுமுறையிலும் 30 நாட்கள். முதல் ஆண்டு 1.75 பில்லியன் டாலர், அடுத்த ஆண்டு 4 பில்லியன். தினம் மாலை வந்த தலையை எண்ணாமல், பள்ளி மாவட்டத்தில் வசதி குறைந்த பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கொடுக்கும் பணம். பழைய மானியமும் ஒரு பிள்ளைக்கு 10.18 ஆனது. பதினைந்து வருடமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்தது.

அப்போது ஆள் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வெளியேறிய இளைஞர்கள் திரும்பி வரவில்லை. சிறு பிள்ளைகளுக்குப் பத்துப் பேருக்கு ஒருவர் வேண்டும். ஒரு லீடர் இடம் காலியாக இருந்தால் இருபது பிள்ளைகள், கீழ் வகுப்பானால் பத்துப் பிள்ளைகள், காத்திருப்போர் பட்டியலுக்குப் போவார்கள். வங்கியில் பணம் இருக்க, வாசலில் பெற்றோர் நிற்க, நடுவில் ஓர் ஆள் இல்லாத காரணத்தால் இல்லை என்று சொன்ன மாலைகள் 2022-இல் நிறைய. பெரிய தொகையை ஒரே ஆண்டில் கொட்டுவதைவிட, 2006-இலிருந்து ஆண்டுக்கு ஐம்பது சென்டாகக் கூட்டியிருந்தால் அந்த யூகலேலேக்காரப் பெண் எங்களிடமே கோஆர்டினேட்டராகியிருப்பாள் என்பது என் உறுதியான எண்ணம்.

மத்திய அரசின் பணம் வேறு பாதை. 21-ஆம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள் என்ற அந்தத் திட்டம் 1994-இல் சட்டமானது. 2002-இலிருந்து மாநிலங்கள் வழியாகப் பகிர்கிறார்கள். ஆண்டுக்கு 1.3 பில்லியன் டாலருக்குச் சற்று மேல். நாடு முழுவதற்கும் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வேலைக்கென்றே இருக்கும் மத்திய நிதி இது ஒன்றுதான். 2017 மார்ச்சில் அதை முழுவதுமாக நீக்கும்படி பட்ஜெட் முன்மொழிவு வந்தது, காங்கிரஸ் ஏற்கவில்லை. 2025-இல் ஜூலை 1-ஆம் தேதி வர வேண்டிய பணத்தைப் பரிசீலனை என்று நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட்டில் பள்ளி திறக்கும். ஜூலையில்தான் லீடர்களுக்கு வேலைக் கடிதம் கொடுப்போம். எட்டுப் பேருக்கு எழுதிய கடிதங்களை மேசையில் வைத்துக்கொண்டு, அனுப்பவா வேண்டாமா என்று இரண்டரை வாரம் இருந்தேன். அவர்களில் மூன்று பேர் தினமும் தொலைபேசியில் கேட்டார்கள். ஆளும் கட்சியின் செனட்டர்கள் பத்துப் பேரே எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். ஜூலை 18-ஆம் தேதி விடுவிக்கிறோம் என்ற செய்தி வந்தது. அதற்குள் எட்டில் ஒருவர் வேறு வேலை ஒப்புக்கொண்டுவிட்டார்.

இந்த ஆண்டு வேறு கவலைகள். வாடகை தாங்காமல் குடும்பங்கள் ட்ரேசிக்கும் மண்டேகாவுக்கும் மொடெஸ்டோவுக்கும் போகின்றன; பள்ளிகளில் சேர்க்கை குறைகிறது, சில பள்ளிகளை ஒன்றாக்குகிறார்கள். குடியேற்றத் துறையினர் வருகிறார்கள் என்ற பேச்சு பரவும் நாட்களில் பிள்ளையை அழைத்துப்போக அம்மா வருவதில்லை; பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். அவர் பெயர் அவசர அட்டையில் இருக்கிறதா என்று தினம் பார்க்க வேண்டியிருக்கிறது. அட்டையில் கூடுதல் பெயர்களை எழுதித் தரும்படி வீடு வீடாகத் தொலைபேசி செய்தவர்கள், சடை பின்னி அமர்த்திய, காலையும் மாலையும் ஒரே பள்ளியில் இருக்கும் அந்த இரண்டு லீடர்கள்தான். ஏழு வருடமாகத் தெரிந்த குரல் என்பதால் பெற்றோர் எடுத்துப் பேசினார்கள்.

அரையாண்டு வருகை அறிக்கை ஜனவரி 31-க்குள் போக வேண்டும். அவர்கள் இருக்கும் பள்ளியில் இப்போதைய சராசரி 71. இலக்கு 83. நேற்று மாலை 5:40-க்கு அந்தப் பள்ளியில் இருந்தேன். மழை. பிளாஸ்டிக் உறைக்குள் தாளை வைத்துக்கொண்டு கோஆர்டினேட்டர் வாசலில் நின்றார். உள்ளே இன்னும் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள்.